மிளகுக் கொடியில் என்ன கோளாறு? அறிகுறியைப் பார்த்துக் காரணம் தேடும் முறை

மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் தானாக முளைத்து, கிடைத்த மரத்தில் ஏறி வளரும் கொடி. தாவரவியலில் இதற்குப் பைப்பர் நைக்ரம் என்று பெயர். வெற்றிலையும் திப்பிலியும் இதன் பங்காளிகள். காட்டில் இதற்கு உரம் வைப்பவர் இல்லை, மருந்தடிப்பவரும் இல்லை. மேலே மரக்கிளைகள் வடிகட்டி அனுப்பும் வெயில், காலடியில் இலைச்சருகு, சரிவில் தேங்காமல் ஓடிவிடும் தண்ணீர், யாரும் கொத்திக் கிளறாத மண், இவ்வளவுதான் அதன் தேவை. தோட்டத்துக் கொடிக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஏதோ ஒன்று கெட்டதால் வருபவை. கீழே சொல்லும் ஒவ்வொரு அறிகுறியிலும் இதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

இலை மஞ்சளானதும் அந்த இலையைப் பறித்துக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடும் பழக்கம் மலைத்தோட்டங்களில் அதிகம். மிளகைப் பொறுத்தவரை இலை கடைசியாகச் சேதி சொல்லும் இடம். முதலில் தூரை, அதாவது மண்ணை ஒட்டிய அடித்தண்டைப் பாருங்கள், பிறகு ஒரு பிடி சல்லிவேரைத் தோண்டிப் பாருங்கள், அதற்கப்புறம் இலைக்கு வாருங்கள். கூடவே மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கொட்டும் மழையில் வாடுவது ஒரு நோய். மழை ஓய்ந்தபின் வாடுவது இன்னொன்று.

கொட்டும் மழையில் இலைகள் தொங்கி, சில வாரங்களில் கொடி முழுவதும் விழுந்துவிடுகிறது

மிளகு வைத்தவர்கள் அதிகம் அஞ்சும் நோய் இதுதான். துரித வாட்டம் என்றும் அடியழுகல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குப் பருவமழை பலமாக இறங்கும் கூடலூர், வால்பாறை போன்ற இடங்களில் ஆனி, ஆடி, ஆவணியில் தலைகாட்டும். வடகிழக்கு மழையை நம்பியிருக்கும் கிழக்கு மலைகளில் ஐப்பசி, கார்த்திகையிலும் கவனம் வேண்டும்.

மண்ணை ஒட்டிய தண்டைப் பாருங்கள். அங்கே ஈரமான கறுப்புத் திட்டு இருந்து, நகத்தால் சுரண்டும்போது பட்டை எளிதாக உரிந்து, உள்ளேயும் பழுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். இலையில் கரும்பழுப்பு வட்டங்கள் இருக்கும். அவற்றின் ஓரம் நேர்கோடாக இல்லாமல் நார் பிரிந்தது போலச் சிதறியிருக்கும். இலைகள் கொட்டும், கிளைகள் கணுக்களில் கழன்று விழும். நன்றாக நின்ற கொடி ஒரு மாதத்துக்குள் வெறும் தண்டாகிவிடும்.

காரணம் பைட்டோப்தோரா கேப்சிசி என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிர். இதன் வித்துகள் தண்ணீரில் நீந்தும். தேங்கிய நீரும் மழைத்துளி தெறிக்கும் மண்ணும் அதற்கு வாகனம். அதனால்தான் தரையில் படர்ந்து கிடக்கும் ஓடுகொடிகளின் இலைகள் முதலில் கறுக்கும். அங்கிருந்து தூருக்கும் மேலே உள்ள இலைகளுக்கும் ஏறும். மழைக்கு முன்பே அந்த ஓடுகொடிகளை வெட்டி எடுங்கள், நாற்றுக்கு வேண்டுமென்றால் சுருட்டி ஒரு குச்சியில் தரை படாமல் கட்டுங்கள். பத்து நிமிட வேலை, பலன் பெரிது.

இப்போது கொடியைக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வி. தூரைச் சுற்றிலும் கறுத்துவிட்டால் முடியாது. எந்த மருந்தும் அழுகிய தண்டைத் திரும்ப வளர்க்காது. அந்தக் கொடியை வேரோடு எடுத்து அங்கேயே ஓரமாகப் போட்டு எரித்துவிடுங்கள். தோட்டத்தின் குறுக்கே இழுத்துக்கொண்டு போனால் நோயை வழியெல்லாம் விதைத்ததாகிவிடும். மண்வெட்டியையும் செருப்பையும் கழுவாமல் அடுத்த கொடிக்குப் போகாதீர்கள்.

செலவும் உழைப்பும் போக வேண்டியது சுற்றியிருக்கும் நல்ல கொடிகளுக்கு. ஒரு லிட்டருக்கு 2 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து, கொடியின் வயதுக்கேற்ப 5 முதல் 10 லிட்டர் வரை தூரைச் சுற்றி ஊற்றுங்கள். இலைக்கு 1 சதவீத போர்டோ கலவை. பருவமழை பிடிக்கும் முன் ஒரு முறை, ஆவணி வாக்கில் மறுமுறை. மழை விடாமல் பெய்யும் ஆண்டுகளில் இடையில் மூன்றாவது முறையும் தேவைப்படலாம். பொட்டாசியம் பாஸ்போனேட் கிடைத்தால் லிட்டருக்கு 3 மில்லி. கொடியின் உள்ளே பரவி வேலை செய்வதால் மழையில் கழுவப்படும் கவலை குறைவு.

போர்டோ கலவை தயாரிப்பில் பலர் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக. 1 கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் நீரில் கரையுங்கள். 1 கிலோ சுட்ட சுண்ணாம்பைத் தனியாக நீற்றி, வடிகட்டி, 50 லிட்டர் ஆக்குங்கள். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். இரும்பு, தகரப் பாத்திரம் கூடாது. பிளாஸ்டிக் டிரம் போதும். கலந்தபின் பளபளப்பான கத்தி ஒன்றைச் சில நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். கத்தியில் செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும். படியாமல் நிற்கும்வரை சுண்ணாம்பு நீர் சேருங்கள். அன்று கலந்ததை அன்றே அடித்து முடித்துவிட வேண்டும். பழைய, காற்றில் பொரிந்துபோன சுண்ணாம்பை வாங்கிவந்து அளவு மட்டும் சரியாகப் போட்டால் கலவை தேறாது. கத்திச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

டிரைக்கோடெர்மா போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது உயிருள்ள நல்ல பூஞ்சை. தாமிர மருந்து ஊற்றிய கையோடு அதையும் போட்டால் இரண்டில் ஒன்று வீண். சில வாரம் இடைவெளி விட்டு, கொடிக்கு 50 கிராம் வீதம் 1 கிலோ வேப்பம்புண்ணாக்கிலோ மக்கிய தொழுவுரத்திலோ கலந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது இடுங்கள். பொட்டாசியம் பாஸ்போனேட்டோடு இந்தச் சண்டை இல்லை.

மழைக்காலத்தில் தூரைக் கொத்திக் களையெடுப்பதை அடியோடு நிறுத்துங்கள். சல்லிவேரில் விழும் ஒவ்வொரு வெட்டும் இந்த நோய்க்குத் திறந்த வாசல். களையை அரிவாளால் அறுத்து அங்கேயே மூடாக்காகப் போட்டால் போதும். கொடி செத்த குழியில் உடனே மறு கொடி வைக்கவும் வேண்டாம். கோடையில் குழியைத் திறந்து வெயில் காயவிட்டு, ஒரு மழைக்காலம் காலியாக விட்டபின் வைப்பது நல்லது. அப்போது கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் சக்தி அல்லது தேவம் ரகத்தைத் தேடி வாங்குங்கள். இரண்டும் இந்த நோயை ஓரளவு தாங்கும். தாங்கும் என்றால் வராது என்று பொருளில்லை; வடிகால் சரியில்லாத பள்ளத்தில் எந்த ரகமும் நிற்காது.

மழை ஓய்ந்தபின் மெல்ல மஞ்சளாகிறது, ஆண்டுக்கு ஆண்டு இளைக்கிறது

மார்கழி, தை மாதங்களில் சில கொடிகள் மட்டும் மஞ்சளடிக்கும். கோடையில் இலை கொட்டி, நுனி காயும். அடுத்த மழையில் மறுபடி துளிர்க்கும், நாமும் தேறிவிட்டது என்று நினைப்போம். மறு ஆண்டு இன்னும் கொஞ்சம் மோசமாகும். இரண்டு மூன்று ஆண்டுகளில் கொடி போய்விடும். இது மெது வாட்டம்.

இங்கே தூர் நன்றாகவே இருக்கும். கோளாறு சல்லிவேரில். கொடியிலிருந்து ஒரு முழம் தள்ளி, கையாலேயே மண்ணை விலக்கி ஒரு பிடி சல்லிவேரை எடுத்து, வாளித் தண்ணீரில் அலசி, வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில், நுனிவரை முழுதாக இருக்கும். மணி கோத்தது போல வீக்கங்கள் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. வீக்கம் இல்லாமல் ஆரஞ்சு அல்லது கருஞ்சிவப்புக் கீற்றுகளோடு வேர் அழுகியிருந்தால் வேரைக் குடையும் நூற்புழு. இரண்டும் இல்லாமல் சல்லிவேர் வெறுமனே கறுத்து அழுகிப்போயிருந்தால் மேலே சொன்ன அதே பைட்டோப்தோரா, இந்த முறை தூரைத் தொடாமல் வேரை மட்டும் தின்றிருக்கிறது. மழை இருக்கும்வரை மிச்ச வேர்களே கொடிக்குத் தண்ணீர் தந்துவிடுவதால் சேதம் தெரியாது. மழை நின்றதும் பற்றாக்குறை இலையில் தெரிகிறது. ஆடியில் வந்த நோயை நாம் மார்கழியில் பார்க்கிறோம். பல தோட்டங்களில் நூற்புழுவும் பைட்டோப்தோராவும் சேர்ந்தே இருக்கும். புழு துளைத்த இடத்தில் அழுகல் நுழைகிறது.

மஞ்சளைப் பார்த்தவுடன் யூரியா வைப்பது இந்த நிலையில் உதவாது. உறிஞ்ச வேர் இல்லாத கொடிக்கு உரம் கொட்டி என்ன பயன்? முதலில் வேர் திரும்ப வர வேண்டும். மழை தொடங்கும் வைகாசியிலும் மழை குறையும் புரட்டாசியிலும் கொடிக்கு 1 கிலோ வேப்பம்புண்ணாக்கு, 50 கிராம் டிரைக்கோடெர்மா, நூற்புழு உறுதி என்றால் 50 கிராம் பொக்கோனியா கிளாமிடோஸ்போரியா என்ற நூற்புழுவைத் தின்னும் பூஞ்சை. கோடையில் கனமான சருகு மூடாக்கும், முடிந்தால் கொடி காயாமல் காக்கும் உயிர்த்தண்ணீரும். பாதிக்கு மேல் இலை போன கொடியை விட்டுவிட்டு, லேசாக மஞ்சளடித்த கொடிகளில் கவனம் வையுங்கள்.

ஊடுபயிரையும் கவனியுங்கள். தக்காளி, கத்தரி, இஞ்சி ஆகியவை வேர்முடிச்சு நூற்புழுவுக்கு விருந்து. வாழையும் பாக்கும் தென்னையும் வேர் குடையும் புழுவுக்கு இடம் கொடுப்பவை. பாக்கில் மிளகு ஏற்றியவர் பாக்கை வெட்ட முடியாது, சரி. ஆனால் வாழைக்கன்றைப் புழுவுள்ள தோட்டத்திலிருந்து கொண்டுவராமல் இருக்கலாம். வேர்முடிச்சு நிச்சயம் இருக்கும் நிலத்தில் மறுநடவுக்குப் பௌர்ணமி ரகம் பொருந்தும்.

கண்ணால் பார்த்துத் தெளிவு வராவிட்டால் வேரும் மண்ணும் கலந்த மாதிரியை ஈரம் போகாமல் பாலித்தீன் பையில் கட்டி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏற்காடு, தடியன்குடிசை, பேச்சிப்பாறை ஆராய்ச்சி நிலையங்களில் அருகிலிருப்பதற்குக் கொண்டுபோங்கள். இலையை மட்டும் கொண்டுபோனால் அவர்களும் ஊகிக்கத்தான் முடியும்.

வேர் நன்றாக இருக்கிறது, ஆனாலும் இலை மஞ்சள்

இப்போதுதான் சத்துக் குறைவைப் பற்றி யோசிக்கலாம். முதிர்ந்த இலை முழுவதும் சீராக வெளுத்தால் தழைச்சத்து. முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக நின்று இடைவெளி மஞ்சளானால் மெக்னீசியம். இலை நுனியும் ஓரமும் சாம்பல் நிறத்தில் காய்ந்தால் சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ். இளந்தளிர் சிறுத்து, நரம்பிடையில் வெளுத்து வந்தால் துத்தநாகம். இதற்கு இலைவழித் தெளிப்பு வேகமாகப் பலன் தரும்.

மூன்றாண்டு தாண்டிய கொடிக்குத் தமிழ்நாட்டுப் பரிந்துரை ஆண்டுக்குத் தழைச்சத்து 100 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 40 கிராம், சாம்பல் சத்து 140 கிராம், கூடவே 10 கிலோ தொழுவுரம். இதை வைகாசி, புரட்டாசி என்று இரண்டாகப் பிரித்து, தூரை ஒட்டாமல் ஓரடி தள்ளி வட்டமாக இட வேண்டும். உரம் முறையாக வைத்தும் கொடி தேறவில்லை என்றால் மண்ணின் புளிப்பைச் சோதியுங்கள். அதிக மழை பெய்யும் மலைச்சரிவில் சுண்ணாம்புச்சத்து ஆண்டுதோறும் கரைந்து ஓடிவிடும். ஓராண்டு விட்டு ஓராண்டு, சித்திரை வைகாசியில் கொடிக்கு அரைக் கிலோ நீற்றிய சுண்ணாம்பு போடுவது பழைய, நல்ல வழக்கம். சுண்ணாம்பையும் உரத்தையும் ஒரே நாளில் போடாதீர்கள்.

கொடியின் ஒரு பக்கம் மட்டும் வெளுத்துக் கருகுகிறது

தென்மேற்குப் பக்கம் என்றால் இது வெயில் சுட்டது. மாசி, பங்குனியில் மாலை வெயில் நேராக விழும் ஓரக் கொடிகளில் வரும். நோயல்ல. இளங்கொடிக்குத் தென்னை ஓலையோ பாக்கு மட்டையோ கட்டி மறையுங்கள். புதிதாக நடும்போது மரத்தின் வடகிழக்குப் பக்கம், மரத்திலிருந்து ஓரடி தள்ளி நட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

இலை சிறுத்து, சுருண்டு, தடித்துப் போகிறது

ஓரம் மட்டும் கீழ்நோக்கி உள்ளே மடிந்து குழாய் போல ஆகியிருந்தால் அதைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே கறுப்பாகச் சிறு பூச்சிகள் ஓடினால் இலைப்பேன். உயர்ந்த மலைகளிலும் இளங்கொடிகளிலும் நாற்றங்காலிலும் அதிகம். பெரிய கொடிக்கு இதனால் ஆபத்தில்லை. நாற்றிலும் இளங்கொடியிலும் புதுத் தளிர் வரும் நேரத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கலாம்.

பிரித்துப் பார்த்தால் பூச்சி இல்லை, இலை முழுவதும் தோல் போலத் தடித்து நெளிந்து, மஞ்சள் திட்டுகளோடு, கணுவிடை குறுகிக் கொடி குட்டையாக நிற்கிறது என்றால் வைரஸ். இதற்கு மருந்தே இல்லை. மாவுப்பூச்சி வழியாகவும், அதைவிட அதிகமாக நாம் வெட்டி நடும் குச்சி வழியாகவும் பரவுகிறது. இங்கே கொஞ்சம் மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். கொடி காய்க்கிறதே என்று விட்டுவைத்தால் அதில் வரும் மாவுப்பூச்சி பக்கத்துக் கொடிக்கு நோயைக் கொண்டுபோகும். பிடுங்கி எரித்துவிடுங்கள். அந்தக் கொடியை வெட்டிய கத்தியால் தாய்க்கொடியில் குச்சி எடுக்காதீர்கள். நாற்றுப் பண்ணையில் வாங்கும்போது மூன்று இலைகளில் ஒன்று நெளிந்திருந்தாலும் அந்தத் தட்டையே ஒதுக்குங்கள்.

நுனித்தளிர் மட்டும் கறுத்துக் காய்ந்தால் அதைக் கிள்ளிப் பிளந்து பாருங்கள். சாம்பல் கலந்த பச்சைப் புழு இருந்தால் தண்டுநுனித் துளைப்பான். ஆடி முதல் ஐப்பசிவரை, தளிர் மிகுந்த காலத்தில் வரும். கிள்ளி அழிப்பதே போதுமான மருந்து.

கொடி செழித்து ஏறுகிறது, காய் மட்டும் இல்லை

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. கொடியின் பூர்வீகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

காட்டுக்குள்ளிருந்து கொண்டுவந்து வைத்த கொடியா? காட்டு மிளகில் பெரும்பாலும் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. ஆண்கொடியில் பூச்சரம் வரும், மகரந்தம் உதிர்ந்ததும் சரமும் உதிர்ந்துவிடும், ஒரு மிளகுகூடத் தங்காது. நாம் தோட்டத்தில் வளர்க்கும் ரகங்கள் ஒரே பூவில் ஆண், பெண் இரண்டும் கொண்டவை. தலைமுறை தலைமுறையாக மலைமக்களும் விவசாயிகளும் நன்றாகக் காய்த்த கொடியிலிருந்தே குச்சி எடுத்து நட்டதால் அந்தக் குணம் நிலைத்தது. ஆகவே காட்டுக்கொடி காய்க்கவில்லை என்றால் அதில் குறை எதுவும் இல்லை, அது தன் இயல்பில் இருக்கிறது. கைக்கண்ணாடி வைத்து ஒரு சரத்தைப் பாருங்கள்: சூல்முடிகளே இல்லாமல் மகரந்தப் பைகள் மட்டும் தெரிந்தால் ஆண். வேண்டுமானால் அதைக் காட்டுக்கொடியாகவே ஒரு மரத்தில் விட்டுவையுங்கள். காய்ப்புக்கு வேறு கொடி நடுங்கள். காட்டிலிருந்து கொடி எடுத்து வருவதை நான் ஆதரிப்பதில்லை. காப்புக்காட்டில் அது சட்டப்படி குற்றம், அத்தோடு புதிய ரகங்களுக்கு வேண்டிய நோய்தாங்கும் குணங்கள் அந்தக் கொடிகளில்தான் மிச்சமிருக்கின்றன.

பறவை போட்ட விதையில் முளைத்த கொடியும் இப்படித்தான். மரத்தடியில் தானாக வந்த நாற்று தாய்க்கொடியைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது, காய்க்கவும் பல ஆண்டு எடுக்கும். ஓடுகொடிக் குச்சியில் வந்தது மூன்றாம் ஆண்டில் காய்ப்புக்கு வந்துவிடும்.

கொடி நம்பகமான ரகம்தான் என்றால் அண்ணாந்து பாருங்கள். நண்பகலில் கொடியின் மேல் வெயில் பொட்டுகள் ஆடாவிட்டால் நிழல் அதிகம். காட்டுக்கொடி நிழலில் வாழும் என்பதற்காக இருட்டில் காய்க்கும் என்று நினைக்கக் கூடாது. காட்டிலும் அது வெளிச்சம் தேடி உச்சிக்கு ஏறிய பிறகே நன்றாகப் பூக்கும். கேரளத்தின் பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1971-இல் வெளியான பன்னியூர் 1, உலகின் முதல் கலப்பின மிளகு. வெளிச்சம் கிடைத்தால் கொட்டும், அடர்ந்த நிழலில் ஏமாற்றும். காப்பித் தோட்டத்தின் கனத்த நிழலுக்குக் கரிமுண்டா ரகமே மேல். சித்திரை, வைகாசியில் மழைக்கு முன் தாங்குமரத்தின் கிளைகளைக் கழித்துவிடுங்கள். கோடைக்கு நடுவில் கழித்தால் கொடி வெந்துபோகும்.

இன்னொரு காரணம், குச்சி எடுத்த இடம். தரையில் ஓடும் கொடி நடவுக்கு உகந்தது. மேலிருந்து தொங்கும் கொடியில் எடுத்த குச்சி பிந்தித்தான் காய்க்கும். காய்க்கும் பக்கக்கிளையை நட்டால் அது மரமேறாது, புதராகவே நின்று சீக்கிரம் காய்க்கும். தொட்டியில் வைக்கும் குத்துமிளகு இப்படி வந்ததே. “என் கொடி ஏறவே மாட்டேன் என்கிறது” என்பவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இந்தக் குச்சி. கட்டி இழுத்துப் பயனில்லை, தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

சரம் வருகிறது, பிறகு உதிர்கிறது. அல்லது சரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிளகு

மிளகுப் பூவுக்கு இதழும் இல்லை, சொல்லும்படி மணமும் இல்லை. சரத்தில் மேலிருந்து வழியும் மழைநீரும் பனியும் மகரந்தத்தைக் கீழுள்ள பூக்களுக்குக் கொண்டுசெல்கின்றன. எனவே பூக்கும் காலத்தில் மழை விட்டுவிட்டுச் சாரலாகப் பெய்ய வேண்டும். வைகாசி, ஆனியில் 20 நாளுக்குள் சுமார் 70 மில்லிமீட்டர் பெய்தால் தளிரும் சரமும் கிளம்பிவிடும். கிளம்பியபின் சில நாள் வறட்சி வந்தாலும் விளைச்சல் அடிவாங்கும். மழை பிந்தி, சரமும் பிந்தி வந்தால் பெண்பூக்கள் மட்டும் மிகுந்து மகரந்தம் போதாமல் போகும். உயரமான இடங்களில் பன்னியூர் 1-இல் இதை அதிகம் பார்க்கலாம்.

தண்ணீர் வசதி இருந்தால் மார்ச் பாதியிலிருந்து மே பாதிவரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடிக்கு 50 லிட்டர் அளவில் தூரைச் சுற்றிப் பாய்ச்சுங்கள். சரம் அதிகமாகவும் ஒன்றுபோலவும் வரும். தண்ணீர் இல்லாதவர்களுக்கு மூடாக்குதான் துணை.

மழை நன்றாகப் பெய்தும் சரம் உதிர்கிறது, சரத்தின் காம்பு கறுத்திருக்கிறது, இலையில் மஞ்சள் வளையம் சூழ்ந்த பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன என்றால் கொலட்டோட்ரைக்கம் பூஞ்சை. மேகம் இறங்கிக் கிடக்கும் உயர்மலைகளில் இதன் சேதம் பெரிது. பருவமழைக்கு முன் அடிக்கும் போர்டோ கலவை இதற்கும் சேர்த்துக் காவல். முன்பே அடிக்காதவர்கள் சரம் வந்தபின் மழை இடைவெளியில் அடிக்கலாம்.

மிளகு கறுத்து, கையில் பிடித்தால் நொறுங்குகிறது

விரலால் அழுத்துங்கள். உள்ளே கூடாக இருந்து பொடிந்துபோனால், மேலே நுண்ணிய துளையும் தெரிந்தால், பொள்ளு வண்டு. மஞ்சள் தலையும் கறுநீல இறக்கையும் கொண்ட சிறு வண்டு. அதன் புழு மிளகுக்குள் புகுந்து பருப்பைத் தின்றுவிடும். துளை இல்லாமல் மிளகு பழுப்பாகி வெடித்திருந்தால் மேலே சொன்ன கொலட்டோட்ரைக்கம். இரண்டுக்கும் பேச்சுவழக்கில் பொள்ளு என்ற ஒரே பெயர் இருப்பதால் பூஞ்சைக்குப் பூச்சிமருந்தும் பூச்சிக்குப் பூஞ்சை மருந்தும் அடிப்பது சாதாரணமாக நடக்கிறது. அழுத்திப் பார்க்கும் அந்த ஒரு நொடி பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.

வண்டு தாழ்வான பகுதிகளில், குறிப்பாக அடர்நிழலில் பெருகும். கன்னியாகுமரி மாவட்டத்து அடிவாரத் தோட்டங்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிழல் கழிப்பதே முதல் வேலை. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் மாதம் ஒரு முறை வேப்பெண்ணெய் சார்ந்த பூச்சிவிரட்டியை இலையின் அடிப்பக்கமும் சரமும் நனைய அடியுங்கள். மிளகு நாம் அப்படியே பொடித்துச் சாப்பிடும் பொருள். அறுவடை நெருங்கும்போது கடும் பூச்சிமருந்தைத் தொடவே கூடாது.

கொடி மரத்தில் பிடிக்கவில்லை

கணுவில் வரும் பற்றுவேர்கள் சொரசொரப்பான பட்டையில்தான் ஒட்டும். யூக்கலிப்டஸ் போலப் பட்டை உரிக்கும் மரத்தில் கொடி நிற்காது. இளங்கொடியைக் கணுவுக்குக் கணு வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் கயிறு தண்டை அறுக்கும். பற்றுவேர் மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறது என்று சிலர் அஞ்சுகிறார்கள். இல்லை, அது பிடித்துக்கொள்ள மட்டுமே.

தாங்குமரமே சாய்ந்தால் கொடியும் போகும். 2000-களின் நடுவில் கல்யாண முருங்கையைத் தாக்கிய முடிச்சுக் குளவி கேரளத்தில், குறிப்பாக வயநாட்டில், பெருமளவு மரங்களை அழித்தது. ஏறியிருந்த மிளகும் கூடவே போனது. ஒரே வகை மரத்தை நம்பாமல் சில்வர் ஓக், பலா, கிளைரிசிடியா என்று கலந்து வையுங்கள். இலையும் இளந்தண்டும் வீங்கிய கல்யாண முருங்கைக் கொம்பை நடவுக்கு எடுக்காதீர்கள்.

நாற்றுப்பையில் தண்டு அழுகுகிறது

மண்மட்டத்தில் வெள்ளை நூல் போலப் படர்ந்து, கடுகு போன்ற உருண்டைகள் தெரிந்தால் ஸ்கிளிரோசியம். அந்தப் பையையும் சுற்றியுள்ளவற்றையும் அகற்றுங்கள், தண்ணீரைக் குறையுங்கள், பைகளை இடைவெளி விட்டு அடுக்குங்கள். வரும் ஆண்டு பையில் நிரப்பும் மண்கலவையை நனைத்து, கண்ணாடி பாலித்தீனால் மூடி, கோடை வெயிலில் ஒரு மாதம் வேகவிட்டுப் பயன்படுத்துங்கள்.

காயவைத்த மிளகு வெளிறி, லேசாக, அல்லது பூசணம் பிடித்து இருக்கிறது

லேசாக இருந்தால் பிஞ்சிலேயே பறித்திருக்கிறீர்கள். சரத்தில் ஒன்றிரண்டு மிளகு ஆரஞ்சு அல்லது சிவப்பாகும்வரை பொறுங்கள். சமவெளியை ஒட்டிய பகுதியில் கார்த்திகை முதல் தை, உயர்மலையில் தை முதல் பங்குனி. 100 கிலோ பச்சை மிளகு ஏறத்தாழ 33 கிலோ காய்ந்த மிளகு தர வேண்டும். இதற்கு மிகவும் குறைந்தால் பறித்த நாளைச் சந்தேகியுங்கள்.

நிறம் சீராக இல்லாவிட்டால், உதிர்த்த மிளகை மூங்கில் கூடையில் போட்டு, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துவிட்டுக் காயவையுங்கள். ஒன்றுபோலக் கறுத்துப் பளபளக்கும், காய்வதும் விரைவு. சாணம் மெழுகிய தரையிலும் வெறும் மண்ணிலும் காயப்போடாதீர்கள். சுத்தமான சிமெண்டுக் களம் அல்லது படுதா போதும். பூசணம் வந்தால் ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது மூட்டை கட்டப்பட்டிருக்கிறது. நன்கு காய்ந்த மிளகைக் கடித்தால் அமுங்காமல் சட்டென்று உடையும். அப்படி உடையாததை மறுபடி வெயிலில் போட்டு, ஆறியபின் சாக்கில் கட்டி, சுவரைத் தொடாமல் பலகை மேல் அடுக்குங்கள்.